சும்மா என்று எழுதிய குழாய்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பவுடர் அக்கா. செத்து ஆயிரம் வருடம் ஆனவர்களின் பல்லையும் முதுகெலும்பையும் சின்ன டிரில்லால் துளைத்துப் பொடியாக்குவதுதான் அவள் வேலை. இது தெரியாத அவள் தெருப் பெண்கள், அவள் ஏதோ முகப்பவுடர் கம்பெனியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எங்களுக்கும் ஒரு டப்பா கொண்டுவந்தால் குறைந்தா போய்விடுவாய் என்று பல வருடம் கேட்டிருக்கிறார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், எங்கள் சரக்கு கொஞ்சம் பழசு, உங்கள் முகத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சமாளிப்பாள்.

என்னைவிட ஒன்பது வயது இளையவள். ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து நானும் அக்கா என்றேன். அவள் முறையாக என்னை அண்ணே என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிட்டால் சின்னவர் யார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நான் எலும்பு ஸ்டோர். அகழாய்விலிருந்து வரும் பெட்டிகளுக்கு எண் போட்டு, அலமாரியில் அடுக்கி, எது எப்போது வெளியே போனது, என்ன முடிவு வந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறவன். எனக்கு முன்கோபம் அதிகம், கையெழுத்து அழகு. இந்த இரண்டும் சேர்ந்ததால் மெமோ எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அந்தக் கண்றாவியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பவுடர் அக்கா காசநோயில் செத்துப்போனாள். முப்பத்தெட்டு வயது, ஒரே ஒரு பெண் குழந்தை. அவள் பிழைத்திருக்கலாம். நோய் முற்றுவதற்கு நாலு மாதம் முன்பே அவளுடைய கிருமி ஒரு பிளாஸ்டிக் குழாயில் எங்கள் கைக்கு வந்துவிட்டது. வாராவாரம் வந்தது. காசநோயைக் கண்டுபிடிப்பதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்ட ஏழு பேர் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பிளீச் ஊற்றிக் கழுவினோம்.

எங்கள் வேலை இன்னதென்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். காசநோய்க் கிருமி எல்லோருக்கும் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. சிலருக்கு எலும்புக்குள்ளும் இறங்கும். முதுகெலும்பை அரித்து, இரண்டு மூன்று கணுக்களை ஒன்றாக ஒட்டவைத்து, ஆளைக் கூனாக்கிவிடும். ஆள் செத்து மண்ணுக்குள் போன பிறகும் அந்தக் கிருமியின் டிஎன்ஏ எலும்பில் துண்டு துண்டாகக் கிடக்கும். அக்கா எலும்பைப் பொடியாக்குவாள். பொடியைக் குழாயில் கரைத்து, டிஎன்ஏவை மட்டும் பிரித்தெடுத்து, அதில் காசநோய்த் துண்டு இருக்கிறதா என்று இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். இருந்தால், இந்த மனுஷி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருமியிருக்கிறாள் என்று நான் பதிவேட்டில் எழுதுவேன்.

அந்தத் துண்டு எலும்பிலிருந்துதான் வந்தது என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. நம்முடைய எச்சில், தோல், தலைமுடி எல்லாம் எப்போது குழாய்க்குள் விழலாம் என்று காத்துக்கொண்டிருக்கும். அதனால் கண்ணாடி அறைக்குள் போகும்போது தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. போதாததற்கு ஒவ்வொரு ஓட்டத்திலும் எலும்புக் குழாய்களோடு ஒரு வெற்றுக் குழாயையும் சேர்ப்பார்கள். அதில் பொடி போடுவதில்லை. மற்ற மருந்தெல்லாம் மற்றக் குழாய்களைப் போலவே ஊற்றுவார்கள். கடைசியில் அதில் ஒன்றுமே வரக் கூடாது. வந்தால் எங்கேயோ மாசு புகுந்துவிட்டது, அந்த ஓட்டம் முழுக்கக் குப்பை.

அந்த வெற்றுக் குழாய்க்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. சுண்டுவிரல் அளவு கூட இல்லாத குழாயில் அதை எழுத இடம் எங்கே இருக்கிறது? வேலைக்கு வந்த முதல் மாதமே அக்கா அதில் ‘சும்மா’ என்று எழுதிவிட்டாள். இது என்ன விளையாட்டு என்று டைரக்டர் சத்தம் போட்டிருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லையே சார், சும்மாதானே இருக்கிறது என்றாளாம். ஒரே வருடத்தில் டைரக்டரே காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, சும்மா என்ன சொல்லுது என்பதாக ஆகிவிட்டது. சும்மா சும்மா இருந்தால் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி.

அக்காவுக்கு ஒரு பழக்கம். எதைக் கண்டாலும் ஊதுவாள். நாற்காலியை ஊதிவிட்டுத்தான் உட்காருவாள். டீயை ஆறிப்போன பிறகும் ஊதுவாள். அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் வெளியறைக்கு வந்துவிடுவாள். அப்போது ஆறு வயது, எல்லோருக்கும் குட்டி. குட்டி எங்கேயாவது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்துக்கு முன்னால் ஊதல்தான். சாயங்காலம் அவளுக்குப் பால் வாங்கித் தரும்போது, அக்கா கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி ஊது ஊதென்று ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் கொடுப்பாள். குட்டிக்கு நான் எலும்பு மாமா. எலும்பு மாமா, உங்க பெட்டியில இருக்கிறவங்க எல்லாம் எப்ப எழுந்திருப்பாங்க என்று கேட்டு என் உயிரை வாங்குவாள்.

குழாய்க்கு எண் எழுதும்போதும் அக்கா ஊதுவாள். இரட்டைக் கையுறையோடு பேனா பிடித்தால் எழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். அதனால் கண்ணாடி அறைக்குப் போகுமுன்பே வெளியறை ஜன்னலோர மேசையில் வெறுங்கையால் எழுதி முடித்துவிடுவாள். குழாய்கள் பையிலிருந்து மூடி திறந்தே வரும். வரிசையாக நிற்க வைத்து எண் எழுதுவாள், கடைசிக் குழாயில் சும்மா என்று எழுதுவாள், மை கலையாமல் இருக்க வரிசை நெடுக ஒரு ஊதல் ஊதுவாள், அப்புறம் கட்டைவிரலால் டக் டக்கென்று மூடிக்கொண்டே வருவாள். பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எங்கள் விதிப் புத்தகத்தில் கையுறையைப் பற்றி மட்டும் நாலு பக்கம் இருக்கிறது. குழாயை ஊதக் கூடாது என்று ஒரு வரி இல்லை. இப்படியும் ஒருத்தி ஊதுவாள் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

நாற்பத்தொன்று என்ற பெட்டி வந்தது மழைக்காலம் முடிந்த கையோடு. பெண், நாற்பது வயதுக்குள், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தையவள். பெட்டியைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதுகுத்தண்டில் மூன்று கணு ஒட்டிப்போய், ஆளே முன்பக்கமாக மடங்கியிருந்தாள். அக்கா அந்த எலும்பைக் கையுறைக் கையால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு வலியோடு இருந்தவளுக்கு யார் தண்ணீர் தூக்கிக் கொடுத்தார்களோ என்றாள். எலும்புக்குக் கூடப் பாவம் பார்க்கிற ஆள். நான் வழக்கம்போல எரிந்து விழுந்தேன், கதை அப்புறம் பேசலாம், முதலில் எண்ணைச் சொல் என்று.

நாற்பத்தொன்றில் காசநோய் பளிச்சென்று வந்தது. டைரக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதே ஓட்டத்தில் சும்மாவிலும் காசநோய் வந்திருந்தது. அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். படிக்காதவன் யாராவது அங்கே இருந்திருந்தால், ஐயா, உங்களில் யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்டிருப்பான். எங்களுக்கு அது தோன்றவில்லை. எங்கள் மூளை முழுக்க மாசு, மாசு, மாசு. நாற்பத்தொன்றில் கிருமி குவிந்து கிடக்கிறது. சும்மாவிலும் கிருமி இருக்கிறது. ஆகவே நாற்பத்தொன்றின் பொடி பறந்து சும்மாவில் விழுந்திருக்கிறது. கணக்குப் பிசகாமல் ஒத்துப்போனது. விழ வைத்தது யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. மாசு யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எங்கள் ஏழு பேருடைய டிஎன்ஏவும் முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சும்மாவில் இருந்த மனித டிஎன்ஏவை அதோடு ஒப்பிட்டார்கள். பவுடர் அக்காவுடையது.

ஒரே குழாயில் அவளும் இருந்தாள், காசநோயும் இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தது போல இருந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளுக்கு மெமோ கொடுத்தோம். கையுறை அணிவதில் அலட்சியம், அதனால் மாசு, ஏழு நாளில் விளக்கம் தரவும். எழுதியது நான். என் அழகான கையெழுத்தில்.

அவள் அதை ஜன்னலோரமாக நின்று இரண்டு தடவை படித்தாள். கை சுத்தமாகத்தானே வைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னாள். அப்புறம் உட்கார்ந்து, இனிமேல் கவனமாக இருப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மை காய அதையும் ஊதினாள். நான் அதை வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு சுத்தப் பைத்தியம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கண்ணாடி அறை முழுவதும் பிளீச். சுவர், மேசை, டிரில், கதவுக் கைப்பிடி. மருந்துப் புட்டிகளை மாற்றினோம். கையுறைக் கம்பெனியை மாற்றினோம். அக்கா எழுதி மூடிய குழாய்களை, டிஎன்ஏவைச் சிதைக்கும் நீல விளக்கின் அடியில் வைத்தோம். மூடிய குழாய்க்குள் அந்த வெளிச்சம் ஒழுங்காகப் போகாது என்பது ரொம்பப் பிற்பாடுதான் எங்களுக்கு உறைத்தது. இவ்வளவுக்கும் நடுவே அக்கா எப்போதும்போல ஜன்னலோர மேசைக்கு வருவாள், புதுப் பையைப் பிரிப்பாள், எழுதுவாள், ஊதுவாள். சும்மாவில் மறுபடி காசநோய் வரும். டைரக்டர் அவளைப் பார்க்கும் பார்வையில் அனல் பறக்கும். நான் பதிவேட்டில் ‘மாசு, பிளீச் செய்யவும்’ என்று எழுதுவேன். பதினாறு தடவை எழுதியிருக்கிறேன். பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.

இருமல் இல்லாமல் இல்லை. ஆனால் பிளீச் வாடையில் எல்லோரும் இருமினோம். அதற்குப் பிளீச் இருமல் என்று பெயரும் வைத்துவிட்டோம். எங்கள் இருமல் வெளியே வந்ததும் நின்றது, அவளுடையது நிற்கவில்லை. ஒன்றிரண்டு தடவை நானே கேட்டேன், என்ன இது விடாமல் இருமுகிறாய் என்று. சும்மாதான் அண்ணே என்பாள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பெண்கள் இரண்டு பேர் அவளிடம் என்ன ரகசியம் என்று கேட்டார்கள், என்ன சாப்பிடுகிறாய், நாங்களும் சாப்பிடுகிறோம் என்று. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி. காலையில் அவள் தலையணை நனைந்து கிடக்கும் என்று பிறகுதான் சொன்னான். மெமோ வந்த கவலையில் வியர்க்கிறது என்று நினைத்தானாம்.

நாலாம் மாதக் கடைசியில் தூரத்துப் பெரிய ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. எங்கள் இயந்திரம் காசநோய் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். அவர்கள் டிஎன்ஏவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்லக்கூடியவர்கள். நாற்பத்தொன்றையும் சும்மாவையும் இரண்டையுமே அனுப்பியிருந்தோம், மாசு எங்கிருந்து வந்தது என்று அவர்களாவது சொல்லட்டும் என்று. காலை பதினொரு மணி. டைரக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேடு கொண்டு போனேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாப்பத்தொண்ணுல குவிஞ்சு கிடக்கறது பழசுதான். நைஞ்சு துண்டு துண்டாத்தான் இருக்கு,” என்றார். “சும்மாவுல இருக்கறது அது இல்ல. முழுசு முழுசா இருக்கு.”

“அப்படின்னா?”

“புதுசு. உயிரோட இருக்கற ஆளோடது.”

அவர் மேசை மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. கண்ணாடி அறைக்குள் இருப்பவர்கள் பேசினால் அதில் கேட்கும். அது வழியாக அப்போது ஒரு இருமல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அந்தக் கிருமியில் ஒரு மாற்றம் இருக்கிறது. காசநோய்க்கு முதலில் கொடுக்கும் முக்கியமான மாத்திரை அதற்குக் கேட்காது. இன்னார் என்று பெயர் தெரியாமல், குழாயில் விழுந்த மாசு என்று நினைத்து யாரோ எழுதிய வரி. அதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் அவள் நோயைப் பற்றி அதுவரை எழுதியதில்லை.

அவளிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் எக்ஸ்ரே என்று ஒரு பொய்யைச் சொல்லி ஏழு பேரும் மருத்துவமனைக்குப் போனோம். ஆறு பேர் திரும்பி வந்தோம். அவளுக்கு இரண்டு நுரையீரலிலும் ஓட்டை.

நான் அந்த அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி முழுக்கப் படித்தார். எலும்பு ஆய்வகத்தில் இதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தார்.

“நான் இதை நம்பறேன்,” என்றார். “ஆனா இதை வெச்சு நான் மருந்து எழுத முடியாதுங்க. எங்க சோதனையில வரணும்.”

அவர்களுடைய விரைவுச் சோதனை இயந்திரம் பழுதாகி ஒரு மாதமாம். அடுத்த வழி, சளியில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதற்கு ஆறு ஏழு வாரம் ஆகும். அதுவரை வழக்கமான மாத்திரைதான். இந்த மாத்திரை கேட்காது என்றுதானே தாளில் போட்டிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தெரியுது என்றார். அவரைத் திட்டி என்ன செய்ய? எனக்குத் திட்டத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. டைரக்டரும் யார் யாருக்கோ போன் செய்தார், கடிதம் எழுதினார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விதி இப்படித்தான் இருக்கிறது என்றார்கள். நாங்களும் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு மெமோ கொடுத்தவர்கள்தானே.

ஏழாம் வாரம் அவர்கள் முடிவு வந்தது. எங்கள் தாளில் இருந்த அதே மாற்றம். புது மருந்தை ஆரம்பித்தார்கள். அதற்குள் அவள் கை என் பேனா பருமனுக்கு ஆகியிருந்தது. அந்த மருந்தைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த ஏழாம் வாரத்திலேயே குட்டிக்கும் கணவனுக்கும் சோதனை செய்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. குட்டியின் கையில் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. கிருமி உள்ளே போயிருக்கிறது, நோயாக இன்னும் எழும்பவில்லை, எக்ஸ்ரே சுத்தம் என்றார் மருத்துவர். எழும்பாமல் தடுக்க மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மாத்திரை இந்த ரகக் கிருமியைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சோதனைச் சீட்டை அக்காவின் கணவன் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

எட்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அவளைப் பார்க்கப் போனேன். மத்தியானம், வார்டில் நல்ல வெளிச்சம். முகமூடி போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடத்தில் குட்டியும் அவள் அப்பாவும் இருந்தார்கள். குழந்தையை உள்ளே விட மாட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல்லுக்கு மட்டும் குறைவில்லை, இதை யாராவது துளைத்துப் பார்க்கட்டும் என்று அவளே தன்னைக் கேலி செய்துகொண்டாள். நான் எதற்கும் உதவாத பேச்சுகளாகப் பேசினேன். டைரக்டர் விசாரித்தார், ஜன்னலோர மேசை உனக்காகக் காத்திருக்கிறது, நாற்பத்தொன்றைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், அதுவரை மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“சும்மா இப்ப எப்படி வருது அண்ணே?”

அவளைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்த மெமோ அவளை உறுத்திக்கொண்டே இருந்ததும் எனக்குத் தெரியும். யோசிக்காமல் வாயை விட்டேன்.

“சுத்தமா வருதுக்கா. துடைச்சு வெச்ச மாதிரி.”

அவள் முகம் மலர்ந்தது. அப்பாடா என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த நிம்மதியை அனுபவித்தாள். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவாவது நான் போனது நல்லதுதான். அப்புறம் கண்ணைத் திறந்து, எப்போதிலிருந்து என்று கேட்டாள். பன்னிரண்டு வருடம் அந்த வேலையைச் செய்தவள், கேட்காமல் இருப்பாளா?

“அது ஆச்சு... ஒரு ஏழு வாரம் இருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் விரல்கள் போர்வை மேல் ஒவ்வொன்றாக மடங்கின. எட்டாவது விரலில் நின்றன. மேலே கூரையைப் பார்த்தாள்.

“நான் இங்க வந்து எட்டு வாரம்.”

நான் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

“அப்ப நாப்பத்தொண்ணு மேல பழி போட்டது தப்பு. அது நான்தான்.”

முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சூடாக அடித்தது. சரியாக எத்தனை மாதம் வந்தது, பதிவேட்டில் இருக்குமே என்று கேட்டாள். நாலு என்றேன். பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது? நாலு மாதம் என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். மெமோவைப் பற்றிக் கேட்பாள், நீ எழுதினாயே என்பாள், அதற்கு நான் காலில் விழவும் தயாராகத்தான் இருந்தேன். அவள் அதை நினைக்கவே இல்லை. வேலை தெரிந்தவள், எப்படி நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். கை சுத்தமாகத்தானே இருந்தது, முகமூடி கழற்றவில்லையே என்று தனக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாக உதட்டைக் குவித்து ஊதப் பார்த்தாள். ஊதல் வரவில்லை, இருமல் வந்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தேன்.

“பாலையும் ஊதித்தானே அண்ணே குடுத்தேன்,” என்றாள்.

பாலில் ஒன்றும் இல்லை, ஒரே வீட்டில் ஒரே காற்றில்தானே இருந்தீர்கள் என்று மருத்துவர் சொன்னதைச் சொல்லலாமா? அதில் என்ன ஆறுதல் இருக்கிறது? குட்டிக்குச் சோதனை பண்ணினீர்களா என்று கேட்டாள். பண்ணியாயிற்று என்று தலையை ஆட்டினேன். என்ன வந்தது என்று கேட்டாள். அந்தச் சீட்டு வெளியே கூடத்தில் அவள் கணவன் பையில் இருந்தது. நான் ஒன்றும் வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், என் நாக்கு வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

“சும்மாதான் வந்துச்சுக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

“சும்மாவா?” என்றாள்.

சும்மாவில் நாலு மாதம் என்ன வந்தது என்று இப்போது அவளுக்கும் தெரியும். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகுத்தண்டு சட்டைக்கு மேலாகக் கணுக் கணுவாகத் தெரிந்தது. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து வந்தேன். பதினாறு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

அன்று நான் வெளியே வந்தபோது கூடத்தில் குட்டி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தான். கேன்டீன்காரர் பாலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆவி பறந்தது. நான் அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“ஊதிக் குடுங்க மாமா.”

என் எக்ஸ்ரே சுத்தம். எனக்கு ஒன்றும் கிடையாது, இரண்டு தடவை பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இருந்தும் என்னால் உதட்டைக் குவிக்க முடியவில்லை. கேன்டீனுக்குப் போய் இன்னொரு கோப்பை வாங்கி வந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கோப்பையிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாகப் பாலை மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் அதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா ஊதித்தான் குடுப்பாங்க,” என்றாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஆற்றினேன்.